மருத்துவச்சியின் பை

பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அரசாங்கம் முடிவு செய்தது. கத்தரிக்கோல், தொப்புள்கொடி கட்டும் நாடா, சோப்பு, நகம் தேய்க்கும் பிரஷ், கிருமிநாசினி, வெள்ளை ஏப்ரன், தலைக்குத் தொப்பி, பிறந்த குழந்தையின் கண்ணில் விடும் சில்வர் நைட்ரேட் சொட்டு, பிறப்பைப் பதியும் படிவம். இவ்வளவுதான். மாதம் ஒரு முறை கூட்டம் நடக்கும், பல ஊர்களில் சர்ச்சிலேயே. கவுண்டி (மாவட்டம்) சுகாதாரத் துறையின் நர்ஸ் வந்து ஒவ்வொரு பையாகத் திறந்து பார்ப்பார். துணி வெளுப்பாக இல்லையென்றாலும், ஏதாவது வேர் அகப்பட்டாலும் உரிமம் போய்விடலாம். தங்கள் தாயையும் பாட்டியையும் பார்த்துத் தொழில் கற்று, ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்திய அறுபது வயதுப் பெண்கள், நேற்றுப் பயிற்சி முடித்து வந்த நர்ஸின் முன் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சிலர் இரண்டு பைகள் வைத்திருந்தார்கள். ஒன்று நர்ஸுக்குக் காட்ட, மற்றது பிரசவத்துக்கு எடுத்துப்போக. இஞ்சியும் மிளகும் இரண்டாவது பையில் இருக்கும். குளவிக்கூட்டு மண்ணைக் கொதிக்கவைத்துக் குடிக்கக் கொடுப்பதும், வலியை வெட்டும் என்று கட்டிலுக்கு அடியில் கோடரி வைப்பதும் அவர்களிடம் இருந்த வழக்கங்கள். பைக்குள் அடங்காத வேலைகளும் உண்டு. இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், இடுப்பைத் தேய்த்துவிடுவார்கள், நடக்கச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள். விடிந்ததும் வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இவர்களை 'கிரானி மிட்வைஃப்' என்றார்கள், அதாவது பாட்டி மருத்துவச்சி. பெயரில் பாசமும் இருந்தது, இளக்காரமும் இருந்தது. சொல்பவர் யார் என்பதைப் பொறுத்தது. தமிழில் பிரசவம் 'பார்ப்பது' என்கிறோம். அலபாமாவின் கறுப்பின மருத்துவச்சிகள் குழந்தை 'பிடிப்பது' என்றார்கள். குழந்தை தானாக வரும், பிடித்துக்கொள்வதுதான் நம் வேலை, இழுப்பதல்ல என்று அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு தொழில்முறை இருக்கிறது. அதே காலத்தில், 1920இல், சிகாகோவின் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர் ஜோசப் டீலீ ஒரு புதிய முறையை முன்மொழிந்தார். தாயை மயக்கத்தில் ஆழ்த்தி, பிறப்புவாயைக் கத்தரித்து, ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதை வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம் என்றார். பிரசவத்தை நோயாகப் பார்க்கும் கண் அது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் எந்தக் கண் வென்றது என்பது தெரிந்த கதை.

இந்தப் பெண்களின் தொழில் அடிமைக்காலத்தில் வேர்விட்டது. 1662இல் வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள்: குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. அடிமைப்பெண் பெற்ற பிள்ளை, தகப்பன் பண்ணை முதலாளியாகவே இருந்தாலும், அடிமைதான். 1808இல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடைசெய்யப்பட்ட பிறகு, ஒவ்வொரு கறுப்பினப் பெண்ணின் வயிறும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரவாக மாறியது. பண்ணையில் பிரசவம் பார்த்தவர்களும் அடிமைப்பெண்கள்தான். முதலாளியம்மாவின் பிள்ளைகளையும் அவர்கள்தான் பிடித்தார்கள்.

அதே மண்ணில் அமெரிக்கப் பெண்நோய் மருத்துவமும் பிறந்தது. அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் 1845க்கும் 1849க்கும் இடையில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் ஏற்பட்ட கிழிசலால் சிறுநீர் நிற்காமல் ஒழுகும் நோயைக் குணப்படுத்த அறுவைசிகிச்சை முறை ஒன்றைத் தேடினார். தேடியது அடிமைப்பெண்களின் உடலில். அவர் எழுதிவைத்த பெயர்கள் மூன்று: அனார்க்கா, பெட்சி, லூசி. அனார்க்காவுக்கு மட்டும் முப்பது முறை அறுவை நடந்தது. மயக்கமருந்து கொடுக்கவில்லை. ஈதரின் பயன் 1846இலேயே பகிரங்கமாகக் காட்டப்பட்டுவிட்டது, ஆனாலும் கொடுக்கவில்லை. கடைசியில் வெள்ளிக்கம்பித் தையல் பலித்தது. சிம்ஸ் நியூயார்க் போய்ப் பெரிய பெயர் எடுத்தார், 'நவீன பெண்நோய் மருத்துவத்தின் தந்தை' ஆனார். கறுப்பினத்தவருக்கு வலி குறைவாகத்தான் தெரியும் என்ற நம்பிக்கை அன்றைய மருத்துவத்தில் பரவலாக இருந்தது. அது சிம்ஸோடு போய்விடவில்லை என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பிரசவங்களில் பாதியை மருத்துவச்சிகள் பார்த்தார்கள். வடக்கு நகரங்களில் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறிய பெண்கள், தெற்கில் கறுப்பினப் பெண்கள். பிரசவத்தில் இறக்கும் தாய்மாரின் எண்ணிக்கை ஐரோப்பிய நாடுகளோடு ஒப்பிட வெட்கப்படும் அளவில் இருந்தது. யார் காரணம்? மருத்துவர்கள் மருத்துவச்சியைக் கைகாட்டினார்கள். 'மருத்துவச்சிப் பிரச்சினை' என்று தலைப்பிட்டே கட்டுரைகள் வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் விட்ரிட்ஜ் வில்லியம்ஸ் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பிப் பதில்களை 1912இல் வெளியிட்டார். பிரசவக் காய்ச்சலால் தாய்மாரைப் பறிகொடுப்பதில் சாதாரண டாக்டர்கள் மருத்துவச்சிகளுக்குச் சளைத்தவர்கள் அல்ல என்று பெரும்பாலான பேராசிரியர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1933இல் நியூயார்க் மருத்துவக் கழகம் அந்த நகரத்தின் தாய் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக்கூடியவை, அவற்றில் பெரும்பங்கு மருத்துவர்களின் தவறால் நேர்ந்தவை என்று எழுதியது. இத்தனைக்கும் பிறகு திருத்தம் தேவைப்பட்டது மருத்துவச்சிக்குத்தான் என்று தீர்மானமானது.

கறுப்பின மக்களுக்கு அவர்களுடைய டாக்டர்களாவது கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். ஆனால் மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்த 1910இல் வந்த ஃப்ளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, இருந்த ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின.

1921இல் ஷெப்பர்ட்–டவுனர் சட்டம் வந்தது. தாய்சேய் நலத்துக்கு மத்திய அரசு மாநிலங்களுக்குப் பணம் கொடுத்த முதல் சட்டம். அமெரிக்க மருத்துவச் சங்கம் கடுமையாக எதிர்த்ததில் 1929இல் அது காலாவதியானது. அந்த எட்டு ஆண்டுகளில்தான் தெற்கு முழுக்க மருத்துவச்சிகளைத் தேடிப் பதிவு செய்தார்கள். வகுப்பு, உரிமம், பை, வெள்ளைச் சீருடை எல்லாம் வந்தன. கைகழுவும் முறையைப் பாட்டாகவே சொல்லிக்கொடுத்தார்கள். இதையெல்லாம் வெறும் அடக்குமுறை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அழுக்குக் கத்தியால் கொடியறுத்து ரணஜன்னி கண்டு இறந்த குழந்தைகள் உண்டு. மேகவெட்டை நோயுள்ள தாயிடமிருந்து தொற்றிக் கண்பார்வை இழந்த குழந்தைகளும் உண்டு. சோப்பும் சில்வர் நைட்ரேட்டும் உயிரையும் கண்ணையும் காத்தன. மருத்துவச்சிகள் பலர் அந்தப் பையைப் பெருமையோடுதான் சுமந்தார்கள். குறை வேறிடத்தில் இருந்தது. பையைச் சோதித்த அளவுக்கு, மாசமாக இருந்த பெண் என்ன சாப்பிடுகிறாள், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறாள், பிரசவ வலி வரும்வரை பருத்திக்காட்டில் ஏன் குனிந்து நிற்கிறாள் என்று யாரும் சோதிக்கவில்லை.

படிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிறப்புப் பதிவுத் திட்டம் 1915இல் பத்து மாநிலங்களோடு தொடங்கியது. தெற்கு மாநிலங்கள் பின்னால்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசியாக டெக்சாஸ், 1933இல். அந்தப் பதிவேட்டைத் தெற்கில் நிரப்பியவர்களில் இந்த மருத்துவச்சிகளும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையை உட்காரவைத்து எழுதச் சொன்னார்கள். தங்களைக் குற்றவாளியாக்கப்போகும் புள்ளிவிவரத்தை அவர்களே சேகரித்துக் கொடுத்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். முதல் ஆண்டான 1915இலேயே, பதிவில் இருந்த மாநிலங்களில் ஆயிரம் வெள்ளைக் குழந்தைகளில் ஏறத்தாழ 100 பேரும், மற்ற இனக் குழந்தைகளில் ஏறத்தாழ 180 பேரும் ஒரு வயது முடிவதற்குள் இறந்திருந்தார்கள்.

மருத்துவச்சியின் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஒரு படம் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலச் சுகாதாரத் துறைக்காக ஜார்ஜ் ஸ்டோனி எடுத்து 1953இல் வந்த 'ஆல் மை பேபீஸ்'. மருத்துவச்சிகளுக்குப் பாடம் நடத்த எடுத்த படம். நாயகி ஆல்பனி ஊரின் மேரி கோலி, மூவாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிடித்தவர், படத்தில் அவராகவே வருகிறார். வீட்டுக்குள் நுழைகிறார், கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவுகிறார், பழைய செய்தித்தாள்களை அடுக்கிப் படுக்கையில் விரிக்கிறார். விரிப்பு வாங்க வசதியில்லாத வீடுகளில் செய்தித்தாள்தான் சுத்தமான விரிப்பு. அழுக்கானால் எடுத்து எரித்துவிடலாம். பிறகு ஒரு பிரசவம், நடிப்பில்லாமல், கேமரா முன்னால் நிஜமாகவே நடக்கிறது. அவர் குரலை உயர்த்துவதேயில்லை. மற்ற நாடுகளிலும் பாடப் படமாகக் காட்டப்பட்ட இது, 2002இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

அந்தப் படம் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1951 டிசம்பரில், 'லைஃப்' இதழ் தென் கரோலினாவின் பைன்வில்லில் பணியாற்றிய மாட் காலனைப் பற்றிப் படக்கட்டுரை வெளியிட்டது. இவர் முறையாகப் படித்த நர்ஸ். புகைப்படம் எடுத்தவர் யூஜின் ஸ்மித். சேற்றுப்பாதையில் கார் ஓட்டி, விளக்கில்லாத குடிசைகளில் பிரசவம் பார்க்கும் காலனின் முகத்தைப் பார்த்து நெகிழ்ந்த வாசகர்கள் 20,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் 1953இல் ஒரு கிளினிக் கட்டப்பட்டது. உலகத்தின் பணக்கார நாடு அது. ஆனால் ஒரு வட்டாரத்துக் கறுப்பினத் தாய்மாருக்குக் கிளினிக் வந்தது பத்திரிகை வாசகர்கள் கொடுத்த நன்கொடையில்.

ஆஸ்பத்திரிகள் இல்லாமலா போயின? இருந்தன. 1940இலேயே நாட்டின் பிரசவங்களில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடந்தன. 1946இல் ஹில்–பர்ட்டன் சட்டம் ஆஸ்பத்திரி கட்டப் பணத்தை வாரி வழங்கியது. அதே சட்டத்தில், இனவாரியாகத் தனித்தனி வசதி செய்துகொள்ளலாம் என்று ஒரு விதியும் இருந்தது. நடைமுறையில் கறுப்பினப் பெண்ணுக்கு அடித்தளத்தில் நாலு கட்டில், அல்லது அதுவும் இல்லை. முன்பணம் கட்டாமல் சேர்க்காத இடங்கள் பல. அலபாமாவில் கறுப்பினத்தவரைத் தயங்காமல் சேர்த்துக்கொண்ட சில இடங்களில் ஒன்று டஸ்கீகியில் இருந்த ஜான் ஆண்ட்ரூ நினைவு மருத்துவமனை. மாநிலத்தின் மேற்கே யூட்டாவ் ஊரில் பிரசவம் பார்த்த மார்கரெட் சார்ல்ஸ் ஸ்மித்துக்கு டஸ்கீகி 200 கிலோமீட்டருக்கு மேல். இரவு இரண்டு மணிக்கு ஜன்னி வந்துவிட்ட பெண்ணுக்கு அந்தத் தூரம் என்ன அர்த்தம் தரும் என்று யோசித்துக்கொள்ளலாம். மருத்துவச்சி தாமதித்தாள் என்று பதிவான மரணங்களில் எத்தனை, கதவு திறக்காததால் நேர்ந்தவை?

கதவைத் திறந்தது ஒரு பல் மருத்துவர் தொடங்கிய வழக்கு. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் மற்ற கறுப்பின மருத்துவர்களையும் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு தொடுத்த வழக்கில், அரசுப் பணத்தில் கட்டிய ஆஸ்பத்திரி இனம் பார்க்கக் கூடாது என்று 1963இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு குடிமை உரிமைச் சட்டம் வந்தது. 1966 ஜூலை முதல் தேதி அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் தொடங்கியபோது, இனப்பிரிவினை வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது என்றது அரசு. நூறு ஆண்டுகள் நியாயம் பேசி நடக்காதது பணத்தை நிறுத்துவோம் என்றதும் சில மாதங்களில் நடந்தது. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் பிரிவினைப் பலகைகளைக் கழற்றின. பின்னாளில் பொருளாதார ஆய்வாளர்கள் மிசிசிப்பியின் கணக்குகளைப் பார்த்தபோது, 1965ஐ ஒட்டிக் கறுப்பினக் குழந்தைகளின் இறப்பு செங்குத்தாகச் சரிந்திருந்தது தெரிந்தது. குறிப்பாக, பிறந்து ஒரு மாதம் தாண்டிய குழந்தைகள். வயிற்றுப்போக்கும் நிமோனியாவும்தான் அவர்களைக் கொன்றுவந்தன. டிரிப் ஏற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்தால் பிழைக்கும் குழந்தைகள். அவர்கள் சாவுக்கும் மருத்துவச்சியின் பைக்கும் சம்பந்தமே இல்லை.

மிசிசிப்பி டெல்டாவில் மௌண்ட் பேயூ என்ற ஊரில் 1967இல் தொடங்கிய சுகாதார நிலையம் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அங்கே டாக்டர் ஜாக் கைகர் மருந்துச்சீட்டில் பாலும் இறைச்சியும் காய்கறியும் எழுதினார். மளிகைக் கடை கொடுத்தது. பில் நிலையத்தின் மருந்தகக் கணக்கில் ஏறியது. மருந்துக்கான பணத்தில் சாப்பாடா என்று மேலிடம் ஆளனுப்பிக் கேட்டபோது, சத்துக்குறைவுக்கு மருந்து சாப்பாடுதான் என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன் என்றாராம். கிணறு தோண்டினார்கள், கக்கூஸ் கட்டினார்கள், காய்கறிப் பண்ணைக் கூட்டுறவு தொடங்கினார்கள்.

கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதும் வரலாறுதான். அதே டெல்டாவில், 1961இல், பருத்திக்காட்டுக் கூலிக்காரியான ஃபேனி லூ ஹேமர் சிறிய கட்டி ஒன்றை எடுக்க ஆஸ்பத்திரி போனார். அவரிடம் கேட்காமலே கருப்பையை எடுத்துவிட்டார்கள். நடந்தது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. பின்னாளில் வாக்குரிமைப் போராட்டத்தின் பெருங்குரலாக எழுந்த அவர், இந்தக் கொடுமைக்கு 'மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்' என்ற கசப்பான பெயரைப் பேச்சுகளில் பரப்பினார். ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைத்தது. பேச்சைக் கேட்கும் காது கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரி திறந்ததும் மருத்துவச்சி வேண்டாதவரானார். அலபாமா 1976இல் அவர்களது தொழிலையே சட்டத்துக்கு வெளியே தள்ளியது. மொபீல் நகரின் ஓனி லீ லோகனுக்கு 1949இல் உரிமம் கிடைத்திருந்தது. தாயும் பாட்டியும் மருத்துவச்சிகள். வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்காரியாக இருந்துகொண்டே பிரசவமும் பார்த்தவர். மற்றவர்களின் உரிமங்கள் போன பிறகும் அவருக்குப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். 1984இல் இனி உங்கள் சேவை தேவையில்லை என்று ஒரு கடிதம் வந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாழ்க்கைக்கதை 1989இல் வெளிவந்தது. தலைப்பில் இருப்பது அவர் அடிக்கடி சொன்ன சொல், தாயறிவு என்று தமிழில் சொல்லலாம்: புத்தகத்தில் இல்லாத, கடவுள் கொடுத்த அறிவு. யூட்டாவ் ஊரின் மார்கரெட் ஸ்மித் 1981வரை தாக்குப்பிடித்தார். ஏறத்தாழ மூவாயிரம் பிரசவங்களில் ஒரு தாயைக்கூட இழந்ததில்லை என்பார். தொழில் முடிந்து இரண்டு ஆண்டு கழித்து நகரம் அவருக்கு மரியாதையாக நகரச் சாவியைக் கொடுத்தது. அந்தச் சாவியைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

மருத்துவச்சி போனார். இடைவெளி போகவில்லை. 2022இல் அமெரிக்காவில் ஆயிரம் வெள்ளைக் குழந்தைகளில் 4.5 பேரும் கறுப்பினக் குழந்தைகளில் 10.9 பேரும் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். இரண்டு எண்களும் 1915ஐவிடப் பன்மடங்கு குறைந்துவிட்டன, அது சாதாரண சாதனையல்ல. ஆனால் அன்று ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்காலாக இருந்த விகிதம் இன்று இரண்டரையை நெருங்குகிறது. தாய்மாரின் கணக்கு இன்னும் மோசம். 2023இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு வெள்ளைப் பெண்களில் 14.5 பேர், கறுப்பினப் பெண்களில் 50.3 பேர் இறந்தார்கள்.

இது பரம்பரை உடல்வாகு என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. சிகாகோவில் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1997இல் அதற்குப் பதில் சொன்னார்கள். இல்லினாய் மாநிலப் பதிவேடுகளில், ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த பெண்களின் குழந்தைகளின் எடை, அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண்களின் குழந்தைகளைவிட வெள்ளைப் பெண்களின் குழந்தைகளுடைய எடைக்குத்தான் நெருக்கமாக இருந்தது. அப்படியானால் குறை ரத்தத்தில் இல்லை, அந்த நாட்டில் கறுப்பினப் பெண்ணாக வளர்வதில் இருக்கிறது. பணமும் புகழும் முழுக் கவசமாகவில்லை. 2017இல் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்குச் சிசேரியன் ஆன மறுநாள் மூச்சுத் திணறியது. முன்பே நுரையீரலில் ரத்தக்கட்டு வந்தவர், அதனால் இன்ன ஸ்கேன் எடுங்கள், இன்ன மருந்து கொடுங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டார். வலிமருந்து மயக்கத்தில் உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். முதலில் காலுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். அவர் விடாமல் கேட்ட ஸ்கேனைக் கடைசியில் எடுத்தபோது, நுரையீரலில் ரத்தக்கட்டுகள் இருந்தன.

அலபாமாவில் இன்று 67 கவுண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பிரசவ வார்டு இல்லை. 1976இல் மூடிய கதவை 2017இல் ஒரு சட்டம் ஓரளவு திறந்தது. தொழில்முறைச் சான்று பெற்ற மருத்துவச்சிகள் மறுபடி வீட்டுப் பிரசவம் பார்க்கலாம்.

சிம்ஸின் சிலையை நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் ஓரத்திலிருந்து 2018இல் எடுத்துவிட்டார்கள். மான்ட்கோமரியில் மிஷெல் ப்ரௌடர் என்ற கலைஞர் 2021இல் அனார்க்கா, பெட்சி, லூசி மூவருக்கும் ஆளுயரத்தைவிட மிகப் பெரிய சிலைகள் எழுப்பினார். பழைய இரும்பு உதிரிகளையும், கத்தரிக்கோல் உள்ளிட்ட மருத்துவக் கருவிகளையும் பற்றவைத்துச் செய்தவை. பிறகு, சிம்ஸ் அந்தப் பெண்களை அறுத்த இடத்தையும் ப்ரௌடர் விலைக்கு வாங்கினார். அங்கே ஓர் அருங்காட்சியகமும், கர்ப்பிணிகளுக்கு ஒரு கிளினிக்கும், பிரசவத்துக்குத் துணை நிற்கும் பெண்களுக்குப் பயிற்சியும் நடத்தத் திட்டமிட்டார்.